அடிப்பக்கம்

சாவீட்டுக்குக் காசு வைத்துக் கொடுக்கும்
வெள்ளை உறையில் போட்டு
கொண்டுவந்தாள் சுரங்கி.
பொரளைக் கனத்தைக்கு எதிரே மலர்வளையக் கடை.
அந்த உறைக்கு அவளிடம் பஞ்சமில்லை.

உள்ளே, நகமளவு
கரும்பச்சைப் பெயின்ற் துண்டு.
ஏழு மாதம் முன் நான் அடித்தது.
"மற்ற மூன்று றிம்மும் நல்லாத்தான் இருக்கு.
இது மட்டும் ஏன்?"
சண்டைக்கு வந்திருந்தால்
உப்புக் காற்றின் மேல் போட்டிருப்பேன்.
மட்டக்குளியில் அது எல்லோருக்கும் கைவசமுள்ள சாட்சி.
ஜன்னல் கம்பிக்கும் சைக்கிள் செயினுக்கும்
நேற்றுப் பூட்டிய கேற்றுக்கும்
கூப்பிட்டவுடன் வந்து பொய் சொல்லும்.

அவள் சண்டை போடவில்லை.
வேனின் பின்கதவால்
பூ வாளித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
றிம்மை இறக்கி வைத்துவிட்டுப் போனாள்.

மேல்பக்கம் இன்னும் மினுங்கியது.
இரண்டு கோட் கிளியர், ஹார்ட்னர் அளவாக.
அதோடு நிறுத்தியிருந்தால்
என்னை நானே மெச்சிக்கொண்டு தேத்தண்ணி குடித்திருக்கலாம்.
திருப்பிப் பார்த்தேன்.

சாம்பல் பிரைமரின் அடிப்பக்கத்தில்
வளைவு வளைவாக, உள்ளுக்குள் உள்ளாக,
ஒரு விரல்.

ருமேஷைத்தான் முதலில் நினைத்தேன்.
எந்நேரமும் மாலுபாண் எண்ணெய் அவன் கையில்.
கூப்பிட்டு, கிறீஸ் தடவி,
பில் புத்தகத்தின் பின்னட்டையில் அமத்தச் சொன்னேன்.
"பொலிஸில சேர்ந்திட்டீங்களா அண்ணே?"
சிரித்துக்கொண்டே அமத்தினான்.
அவன் ரேகை சுழி. இது வளைவு.
நடுவில் குறுக்கே வெறுமையாய் ஒரு கோடு வேறு.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும்.
தின்னர் டின் மூடி வெட்டிய இடம்,
வலது பெருவிரல், மூன்று தையல்.

அன்று இரண்டு மணிக்குக் கரண்ட் போகும் என்று அட்டவணை.
கொம்பிரஸர் நிற்பதற்குள் முதல் கோட் விழவேண்டும்.
கறள் சுரண்டியாயிற்று, எண்பதும் நூற்றெண்பதும் தேய்த்தாயிற்று,
ஈரத் துணி, காய்ந்த துணி, எல்லாம் முறைப்படி.
கையுறையைக் கழற்றிய பிறகு
வால்வுத் துளை எந்தப் பக்கம் என்று
ஒரே ஒரு தரம்
றிம்மைத் திருப்பினேன்.

அவ்வளவுதான்.
அந்தத் தொடுகையின் மேல்தான்
பிரைமர், பச்சை, கிளியர் எல்லாம் ஏறின.
பெயின்ற் எதையும் மறைப்பதில்லை போலும்,
பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறது.

இந்த முறை வெறும் இரும்பு தெரியும்வரை உரித்தேன்.
உரிந்த இடத்தைச் சுற்றி, நல்ல பெயின்றுக்குக் கீழேயும்
கறள் வேர் விட்டிருந்தது,
கறையான் மண்கோடு மாதிரி, மெல்லிதாக.
நட் உட்காரும் ஐந்து குழிக்கும்
டேப் வெட்டி ஒட்டினேன். அங்கே பெயின்ற் தடித்தால்
ஓட்டத்தில் நட் இளகும்.
மழை இருட்டிக்கொண்டு வந்தது.
ஈரக் காற்றில் அடித்தால் பூஞ்சணம் படிந்ததுபோல் வெளிறும்.
சட்டரை இறக்கிவிட்டு
ஒரு பகல் முழுக்கச் சும்மா இருந்தேன்.
சும்மா இருப்பதை எந்த பில்லிலும் எழுத முடியாது.

போனில் கேட்டாள், எப்போது என்று.
"மெல்லிசாய் மூன்று கோட். ஒவ்வொன்றுக்கும் இடையில் பத்து நிமிஷம்.
பிறகு ஒரு கிழமை பூட்டக்கூடாது."
"ஒரு கிழமையா?" சிரித்தாள்.
"என் சாமானெல்லாம் பின்னேரம்வரை தாங்கினால் போதும் மல்லி,
அதற்குள் ஆளைப் புதைத்துவிடுவார்கள்."
பின்னால் யாரோ
வெள்ளை அந்தூரியம் இருக்கிறதா என்று கேட்டார்கள்.
வைத்துவிட்டாள்.

இப்போது றிம் கம்பியில் தொங்குகிறது.
முகத்துவாரப் பக்கமிருந்து காற்று வந்து
அதை மெல்லத் திருப்புகிறது.
வால்வுத் துளை
தானாக என் பக்கம் வருகிறது.
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
நிற்கிறேன்.